விருப்ப வரிசையை நிரப்புமுன்: பால்புதுமை மாணவர் ஒரு வளாகத்தை அறிந்துகொள்ளும் முறை

உயர்தரப் பெறுபேறு வந்தபின் திருகோணமலையில் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல் மேசைக்கு வரும். இசட் புள்ளியை முன்னால் வைத்துக்கொண்டு, எந்தக் கற்கைநெறி, எந்தப் பல்கலைக்கழகம் என்று மாமாவும் ரியூசன் ஆசிரியரும் சேர்ந்து விருப்ப வரிசையைத் தீர்மானிப்பார்கள். விடுதி கிடைக்குமா, சாப்பாடு ஒத்துவருமா, வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு வரப் பஸ் இருக்கிறதா என்பவை எல்லாம் கேட்கப்படும். தன்பாலாரிடம் ஈர்ப்புக் கொண்ட பிள்ளைக்கும், பிறப்புச் சான்றிதழில் எழுதப்பட்ட பாலோடு தன்னைப் பொருத்திக்கொள்ள முடியாத பிள்ளைக்கும், அதாவது பால்புதுமை மாணவருக்கு, இவற்றோடு இன்னொரு கேள்வி உண்டு. அந்த இடத்தில் எனக்கு இடம் இருக்குமா என்பதே அது. கேட்ட மாத்திரத்தில் கேட்டவர் யார் என்பது வெளிப்பட்டுவிடும் என்பதால், அது மட்டும் கேட்கப்படாமலே போகிறது.

விருப்ப வரிசை அனுப்பப்பட்டு, தெரிவுக் கடிதம் கைக்கு வந்தபின் யோசிப்பதில் பயன் குறைவு. யோசிக்க வேண்டிய காலம் அந்தப் படிவம் இன்னும் வெறுமையாக இருக்கும் காலமே. தன்னை வெளிப்படுத்தாமல் அந்தக் கேள்விக்கு விடை தேடுவது எப்படி என்பதை இங்கு எழுதுகிறேன். பிள்ளைக்காகத் தேடும் அக்காவுக்கும், நண்பனுக்காகத் தேடும் நண்பனுக்கும் இது பொருந்தும்; உண்மையில் அவர்கள் தேடினால் வேலை இன்னும் இலகு.

நட்சத்திரம் இல்லாத நாட்டில்

ஐக்கிய அமெரிக்காவில் இந்தத் தேடலுக்கு ஆயத்தமான கருவி ஒன்று இருக்கிறது. கம்பஸ் பிரைட் என்ற அமைப்பு 2007ஆம் ஆண்டு முதல் கல்லூரிகளுக்கு ஐந்து நட்சத்திரம் வரை புள்ளியிடும் சுட்டெண் ஒன்றை நடத்திவருகிறது. கொள்கை, நிறுவனத்தின் ஆதரவு, கல்வி, மாணவர் வாழ்க்கை, விடுதி, பாதுகாப்பு, உளவள ஆலோசனையும் உடல்நலமும், மாணவரைச் சேர்த்துத் தக்கவைத்தல் என்று எட்டுத் துறைகளில் அது கேள்வி கேட்கிறது. அந்தக் கேள்விகளுக்கு விடை நிரப்புபவர்கள் கல்லூரியின் ஊழியர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. தன் வீட்டுச் சோற்றுக்குத் தானே சான்றிதழ் எழுதுவதைப் போன்ற ஒரு குறை அதில் இருக்கிறது. ஆயினும் ஒரு நிறுவனம் தன்னை இந்தக் கேள்விகளுக்கு உட்படுத்திக்கொள்ள முன்வருவதே ஒரு செய்திதான்.

எங்களுக்கு அப்படி ஓர் அட்டவணை இல்லை. வானவில் கொடி கட்டிய அலுவலகத்தையோ, சகலரையும் வரவேற்கிறோம் என்ற சுவரொட்டியையோ எதிர்பார்த்துப் போனால் எந்த வளாகத்திலும் ஏமாற்றமே மிஞ்சும். அவற்றைக் காணாததால் அந்த இடம் கெட்டது என்று முடிவுகட்டுவதும் தவறு. அந்த எட்டுத் துறைகளில் எங்கள் நிலைமைக்கு உண்மையில் உயிரானவை விடுதி, பாதுகாப்பு, ஆலோசனை ஆகிய மூன்றும், அவற்றோடு அந்தப் பட்டியலில் இல்லாத பதிவேடும் என்பது என் கணிப்பு. பாடத்திட்டத்தில் பால்நிலைக் கற்கை இருக்கிறதா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரவு பதினொரு மணிக்கு அறைக் கதவைத் தட்டுபவர்கள் யார் என்பதே முதலில் தெரியவேண்டியது.

சட்டம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

வளாகத்தை அறியப் போகுமுன் சட்டத்தின் சொற்களைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால், பொறுப்பிலுள்ள ஒருவர் உங்களைத் தட்டிக்கழிக்க முதலில் எடுக்கும் ஆயுதம் "இது சட்டவிரோதம் தானே, தம்பி" என்பதாகத்தான் இருக்கும்.

பிரித்தானியர் 1883இல் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு, இயற்கை ஒழுங்குக்கு மாறான உடலுறவு என்று தான் பெயரிட்ட செயலுக்குப் பத்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. 365அ பிரிவு, பாரதூரமான இழிசெயல் என்பதற்கு இரண்டாண்டு வரை விதிக்கிறது. ஆண்களை மட்டும் குறித்து எழுதப்பட்டிருந்த இந்தப் பிற்பிரிவு 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தத்தால் பெண்களையும் உள்ளடக்கியதாயிற்று. சமத்துவத்தை இப்படியும் வழங்கலாம் என்று எங்கள் சட்டவாக்கம் கண்டுபிடித்தது. 2016 நவம்பரில் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தண்டனையை ஒத்திவைத்து, வயது வந்தோர் இணக்கத்தோடு செய்வதை அரசு கண்காணிக்கக் கூடாது என்ற இக்காலச் சிந்தனையைக் குறிப்பிட்டபோதும், சட்டம் நூலில் இருக்கிறது என்று சொல்லிக் குற்றத்தீர்ப்பை நிலைநிறுத்தியது. இப்பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் ஒன்று அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் அதே நீதிமன்றம் தீர்மானித்தது. ஆனால் அந்தச் சட்டமூலம் நிறைவேறவில்லை.

இதில் மாணவர் மனத்தில் பதிக்க வேண்டியது ஒன்று. இந்தப் பிரிவுகள் தண்டிப்பது ஒரு செயலை. ஒருவருக்கு இன்ன நாட்டம் உண்டு என்பதையோ, தன்னை இன்னார் என்று அவர் உணர்வதையோ, அதைச் சொல்வதையோ அவை குற்றமாக்கவில்லை. ஒரு மாணவர் பதிவுசெய்வதையும், விடுதியில் தங்குவதையும், தன்னை அடித்தவர்மேல் முறையிடுவதையும் தடுக்கும் பிரிவு எதுவும் அங்கு இல்லை. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை எல்லா ஆட்களும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. பாரபட்சம் காட்டக் கூடாத காரணங்களின் பட்டியலில் "பால்" என்ற சொல் இருக்கிறதே தவிர நாட்டமோ பால்நிலை அடையாளமோ பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை என்றாலும், பாலியல் நாட்டத்தின் அடிப்படையிலும் பால்நிலை அடையாளத்தின் அடிப்படையிலும் காட்டப்படும் பாரபட்சத்திலிருந்தும் அந்த உறுப்புரை பாதுகாப்புத் தருகிறது என்று இலங்கை அரசே 2014இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழுவின் முன் கூறியிருக்கிறது. முறைப்பாடு எழுதும் தேவை வந்தால் இந்த வரியைக் குறிப்பிடத் தயங்க வேண்டாம்.

இதனால்தான் சொல்லும் முக்கியமாகிறது. "ஓரினச்சேர்க்கையாளர்" என்று எழுதினால் வாசிக்கும் அலுவலரின் கண்ணில் ஒரு செயல் நிற்கிறது. அவர் கை தண்டனைச் சட்டக்கோவைக்குப் போகிறது. "பாலியல் நாட்டம்", "பால்நிலை அடையாளம்" என்று எழுதினால் ஓர் ஆள் நிற்கிறார். பால்புதுமையினர், தற்பாலீர்ப்பு, திருநங்கை, திருநம்பி (பெண் என்று பதியப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவர்) ஆகிய சொற்கள் தமிழில் நன்கு புழங்கிவிட்டன. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுகளைத் தொடர்ந்து, ஊடகங்களும் அலுவலகங்களும் பயன்படுத்த வேண்டிய மரியாதையான சொற்களின் பட்டியல் ஒன்றைத் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழிலேயே வெளியிட்டது. கடல்கடந்த அரசிதழ் எங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும், கடிதம் எழுத உட்காருபவருக்கு அது கைகொடுக்கும்.

தாளில் தேடுதல்

முதற்கட்டத் தேடலை வீட்டில் இருந்தபடியே செய்யலாம். வளாகத்தின் மாணவர் கைநூலையும், ஒழுக்க விதிகளையும், விடுதி விதிகளையும் இணையத்தில் எடுத்து வாசியுங்கள். பாலியல் தொந்தரவு பற்றிய கொள்கை தனியாக இருக்கிறதா, அது பெண் மாணவியரை மட்டும் பாதிக்கப்படக்கூடியவர்களாகக் கருதி எழுதப்பட்டதா, முறைப்பாட்டை ஏற்பவர் பெயரோடும் பதவியோடும் காட்டப்பட்டிருக்கிறாரா என்று பாருங்கள். விடுதி விதிகளில் "ஒழுக்கக்கேடு" என்ற சொல் வரைவிலக்கணமின்றி நின்றால் அதனருகே பென்சிலால் ஒரு கோடு போட்டுவையுங்கள். அந்தச் சொல்லுக்குள் எதையும் அடக்கலாம்.

கைநூலில் இல்லாததைக் கேட்டறிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. காணிப் பிணக்குக்கும் வீதி ஒப்பந்தத்துக்கும் மட்டுமே உரியது என்று எங்கள் ஊரில் பலர் எண்ணும் இச்சட்டம், இந்தத் தேடலுக்காகவே எழுதப்பட்டதுபோல் பொருந்துகிறது. அரச பல்கலைக்கழகம் ஒரு பகிரங்க அதிகாரசபை; அதற்குத் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். கேட்பவர் இலங்கைப் பிரசையாக இருந்தால் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்க அந்த அலுவலருக்கு உரிமையில்லை. ஆகவே விண்ணப்பத்தில் உங்கள் பெயர் இருக்க வேண்டிய அவசியமுமில்லை. வேறோர் ஊரில் இருக்கும் அக்காவோ, பாடசாலையில் உங்களுக்குப் படிப்பித்த நம்பிக்கையான ஆசிரியரோ கையெழுத்திடலாம். தமிழில் எழுதி அனுப்பலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும். மறுத்தாலும் மௌனம் காத்தாலும் பதினான்கு நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அதன்பின் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

என்ன கேட்பது? பால்புதுமை மாணவரை எப்படி நடத்துகிறீர்கள் என்று கேட்டால் "சகல மாணவரையும் சமமாக நடத்துகிறோம்" என்ற ஒற்றை வரி வரும். அந்த வரியால் பயனில்லை. எண்ணையும் நடைமுறையையும் கேளுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் கிடைத்த பகிடிவதை முறைப்பாடுகள் எத்தனை, அவற்றில் விசாரணை முடிந்தவை எத்தனை, தண்டனை விதிக்கப்பட்டவை எத்தனை என்று கேளுங்கள். பாலியல் மற்றும் பால்நிலை அடிப்படையிலான வன்முறை பற்றி ஆராயும் குழு கடந்த ஆண்டில் எத்தனை தடவை கூடியது என்று கேளுங்கள். பிறப்புச் சான்றிதழில் பாலும் பெயரும் சட்டப்படி திருத்தப்பட்ட மாணவர் ஒருவரின் பதிவேட்டை மாற்றும் நடைமுறை என்ன, அவருக்கு விடுதி எந்த அடிப்படையில் ஒதுக்கப்படும் என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு அலுவலகம் எழுதும் விடையில் வளாகத்தின் முகம் ஓரளவு தெரிந்துவிடும். "அப்படியொரு நடைமுறை இல்லை" என்பது நேர்மையான விடை. "அப்படிப்பட்ட மாணவர் எங்களிடம் இல்லை" என்று வந்தால் அது வேறு வகை.

எண்களை வாசிப்பதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். நான் படித்த இடத்தின் பெயரை இங்கு சொல்லப்போவதில்லை. எங்கள் மட்டத்தில் மெல்லிய குரலில் பேசும் ஒருவன் இருந்தான். முதல் வாரத்திலேயே அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். சாப்பாட்டறையில் ஒவ்வொரு நாளும் அவனைப் பெண்போல நடந்துகாட்டச் சொன்னார்கள். பார்த்துச் சிரித்தவர்களில் நானும் இருந்தேன். ஆறாவது வாரம் அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனான். பதிவேட்டில் "சொந்தக் காரணங்களுக்காக விலகல்" என்று எழுதப்பட்டது என்று பிறகு அறிந்தேன். அந்த ஆண்டு அங்கு பகிடிவதை முறைப்பாடு ஒன்றுகூட இல்லை. ஆகவே உங்கள் கேள்விக்குப் பூச்சியம் என்று விடை வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். ஏழு முறைப்பாடு வந்து ஐந்து முடிந்திருக்கிறது என்று எழுதும் வளாகம், ஒன்றுமே வரவில்லை என்று எழுதும் வளாகத்தைவிடப் பாதுகாப்பானது. முதல் ஆண்டில் விலகிய மாணவர் எத்தனை பேர் என்ற கேள்வியையும் அதனோடு சேர்த்துவிடுங்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் கதை விளங்கும்.

நேரில் போய்ப் பார்த்தல்

தாளில் தெரியாதது காலால் தெரியும். எங்கள் ஊர் வளாகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளி வீதியில் உப்புவெளியைக் கடந்து கோணேசபுரியில் இருக்கிறது. தொடர்பாடலும் வணிகமும், பிரயோக விஞ்ஞானம், சித்த மருத்துவம் ஆகியவை அங்கு கற்பிக்கப்படுகின்றன. அதைப் பற்றித் தீர்ப்பெழுதுவது என் நோக்கமல்ல. எந்த வளாகத்துக்குப் போனாலும் இதே முறையில்தான் பார்க்க வேண்டும். வேலைநாள் ஒன்றில், விரிவுரை நடக்கும் காலத்தில், உறவுக்காரப் பிள்ளையைப் பார்க்க வந்தவராகப் போங்கள். திறந்த நாள் என்று அறிவிக்கும் நாளில் போனால் சோடித்த வீட்டைத்தான் காண்பீர்கள்.

சிற்றுண்டிச்சாலையில் ஒரு மணி நேரம் தேநீரோடு உட்காருங்கள். எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று கவனியுங்கள். ஒன்பது என்ற எண் எந்தத் தொனியில் சொல்லப்படுகிறது? அந்த வசைச்சொல் எத்தனை தடவை காதில் விழுகிறது? நண்பர்கள் தமக்குள் பரிமாறிக்கொள்வதற்கும், கடந்துபோகும் ஒருவனைப் பார்த்து எறிவதற்கும் வேறுபாடு உண்டு. பின்னது நடக்கும்போது பக்கத்து மேசையில் இருக்கும் விரிவுரையாளர் தலையைத் தூக்குகிறாரா என்பதே பார்க்க வேண்டியது. எவனும் எவளையும் வையாத இடத்தை நான் கண்டதில்லை. தடுக்க ஒருவராவது இருக்கும் இடங்களைக் கண்டிருக்கிறேன்.

கிழக்கில் படிக்கப் போகும் பிள்ளை இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இங்கு தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூன்று சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே சுற்றுமதிலுக்குள் இருக்கிறார்கள். பெரும்பாலும் மொழியாலும் மதத்தாலும் குழுக்களாகப் பிரிந்தே சாப்பிடுகிறார்கள், பிரிந்தே விளையாடுகிறார்கள். கடந்துவந்த காலத்தை நினைத்தால் அந்தக் குழு ஒரு கூரைதான்; பிரச்சினை என்று வந்தால் ஓடிப்போய் நிற்க அதைத் தவிர வேறு இடம் இல்லை. ஆனால் அதே கூரைதான் உள்ளே இருப்பவரின் நடையுடையைக் கண்காணிக்கிறது. "எங்கட ஆக்களுக்கு அவமானம்" என்ற சொல் அங்கிருந்துதான் வருகிறது. பால்புதுமை மாணவருக்கு இதில் இரட்டைச் சிக்கல் இருக்கிறது. குழுவுக்குள் வெளிப்பட்டால் கூரையை இழக்கிறார். வெளிப்படாவிட்டால் மூச்சு முட்டுகிறது. ஆகையால் மொழி கடந்து மாணவர் சேரும் இடங்கள், நாடகக் குழுவோ, புகைப்படக் கழகமோ, குருதிக்கொடை முகாமோ, அந்த வளாகத்தில் உயிரோடு இருக்கின்றனவா என்று கேட்டறியுங்கள். முதல் நட்பு பெரும்பாலும் அத்தகைய இடத்தில்தான் கிடைக்கிறது.

ஊரிலேயே படிப்பதா, வெளியூர் போவதா என்ற கேள்வி இதோடு ஒட்டியது. கோணேசபுரிக்குப் போகும் பஸ்ஸில் நடத்துநர் அப்பாவுக்குத் தெரிந்தவராக இருப்பார்; கடற்கரையில் யாரோடு நடந்தீர்கள் என்பது நீங்கள் வீடு வருமுன் வீட்டுக்கு வந்துவிடும். யாழ்ப்பாணமோ, பேராதனையோ, கொழும்போ தருகிற தூரம் ஒரு பாதுகாப்பு. மறுபக்கத்தில், விடுதி தாங்க முடியாமல் போகும் இரவில் அரைமணி நேரத்தில் அம்மாவிடம் போய்ச்சேரலாம் என்பதும் பாதுகாப்பே. அந்த அம்மா எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்தது அது. எதைத் தெரிவுசெய்தாலும், மகாபொல புலமைப்பரிசிலோ, மாணவர் உதவிப்பணமோ, பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்து வரும் பணமோ, கையில் தனியாக ஒரு தொகை இருக்கட்டும். வீட்டில் எப்போதாவது உண்மை தெரிந்து, மாதப் பணம் நின்றால் படிப்பு நின்றுவிடக் கூடாது.

விடுதியும் பகிடிவதையும்

ஓர் அறையில் எத்தனை பேர், முதலாம் ஆண்டு மாணவர் மூத்தவர்களிலிருந்து தனியாகத் தங்கவைக்கப்படுகிறார்களா, குளியலறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, காப்பாளர் இரவில் அங்கேயே தங்குகிறாரா அல்லது ஐந்து மணிக்குக் கையெழுத்திட்டுவிட்டுப் போகிறாரா என்று கேளுங்கள். இவை எந்தப் பெற்றோரும் கேட்கும் கேள்விகள். யாரும் உங்களைச் சந்தேகிக்க மாட்டார்கள். பொதுத் தொட்டியில் வரிசையாக நின்று குளிக்கும் விடுதி ஒரு திருநம்பிக்கோ திருநங்கைக்கோ அன்றாடம் ஒரு சோதனை. அத்தகையவருக்கு வெளியே ஓர் அறை எடுத்துத் தங்குவது, செலவானாலும், முதல் ஆண்டில் நல்லது என்பேன். அறை தருபவரிடம் உங்கள் கதையைச் சொல்லவேண்டிய கட்டாயமில்லை. வாசலுக்குத் தனித் திறப்புத் தருவாரா என்பது போதும்.

பகிடிவதை எல்லாருக்கும் வலிதான். எனினும் அதன் விளையாட்டுகள் எவற்றைச் சுற்றி நடக்கின்றன என்று பார்த்தால், ஆணை ஆண்போலவும் பெண்ணைப் பெண்போலவும் நடிக்கவைக்கும் பயிற்சியாக அது இருப்பது விளங்கும். காதல் சொல்லவைத்தல், நடையைப் பழித்தல், உடையை மாற்றவைத்தல் ஆகியவற்றில் பொருந்தாமல் நிற்பவர் உடனே கண்ணில் படுகிறார். அதைவிட ஆபத்தானது கைத்தொலைபேசியைப் பறித்துப் பார்ப்பது. பதிவு நாளுக்கு முன்பே அதை ஒழுங்குபடுத்துங்கள். சந்திப்புச் செயலிகளை நீக்குங்கள். உரையாடல்களை வேறிடத்தில் சேமித்துவிட்டு அழியுங்கள். அறிவித்தல்கள் பூட்டிய திரையில் தெரியாதபடி அமையுங்கள். விரல் ரேகையால் திறக்கும் வசதியை நிறுத்துங்கள், ஏனென்றால் விரலைப் பிடித்து வைத்துத் திறக்க இரண்டு பேர் போதும்.

1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் ஏனைய வன்முறைகளையும் தடைசெய்கிறது. பகிடிவதை செய்தாலோ அதில் பங்கேற்றாலோ இரண்டாண்டு வரை கடூழியச் சிறை; அதன்போது பாலியல் தொந்தரவோ கொடுங்காயமோ விளைவித்தால் பத்தாண்டு வரை. இந்தச் சட்டத்தின்கீழ் முறையிட, நீங்கள் யார் என்று சொல்லவேண்டியதில்லை என்பதே அதன் பெரும்பயன். "என் நாட்டத்தை வைத்துக் கேலிசெய்தார்கள்" என்று எழுதத் தேவையில்லை. "இன்ன நாள், இன்ன நேரம், இன்ன அறையில் அடைத்துவைத்தார்கள், கைத்தொலைபேசியைப் பறித்தார்கள், உடையைக் கழற்றச் சொன்னார்கள், இன்னார் இன்னார் அங்கிருந்தார்கள்" என்று எழுதினால் குற்றம் நிறைவுபெறுகிறது. காரணத்தை அவர்கள் சொல்லட்டும். அன்றைய இரவே, எழுத்து நடுங்கினாலும், எழுதி நாளிட்டு வையுங்கள். வளாகத்துக்கு வெளியே இருக்கும் ஒருவருக்கு அதைப் படமெடுத்து அனுப்பிவையுங்கள். வளாகத்தின் அலுவலரிடம் கொடுக்கப் பயமாக இருந்தால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் நேரடியாகவும் முறையிடலாம்.

ஆலோசகரைச் சோதித்தல்

எங்கள் பல்கலைக்கழகங்களில் மாணவர் ஆலோசகர் என்ற பதவியை வகிப்பவர் பெரும்பாலும் ஒரு விரிவுரையாளர். உளவளத்துறையில் பயின்றவராக இருக்கவேண்டும் என்பதில்லை. நல்ல மனிதராக இருப்பார், ஆனால் உங்கள் பரீட்சைத்தாளையும் அவரே திருத்துவார். எனவே பெரிய விடயத்தைக் கொண்டுபோகுமுன் சிறிய விடயம் ஒன்றைக் கொண்டுபோய்ப் பாருங்கள். "என் அறைத்தோழர் ஒருவருக்கு வேறு சமயத்துப் பிள்ளையோடு காதல், வீட்டுக்குத் தெரிந்தால் பிரச்சினை, அவர் உங்களிடம் வந்து பேசினால் வீட்டுக்கு அறிவிப்பீர்களா" என்று கேளுங்கள். "அவர் சொல்லாமல் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று உடனே விடை வந்தால் அந்தக் கதவு திறந்திருக்கிறது. "பெற்றோருக்குத் தெரியத்தானே வேண்டும்" என்றால் நன்றி சொல்லி எழுந்து வாருங்கள்.

மாற்றிக்காட்டுகிறேன், மருந்து இருக்கிறது, பிரார்த்தனை இருக்கிறது என்று எவர் சொன்னாலும், அவர் எந்த அங்கி அணிந்திருந்தாலும், அவரிடம் மறுபடி போகாதீர்கள். தற்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே நீக்கிவிட்டது. அது உளநோய் அல்ல என்று இலங்கை உளமருத்துவர் கல்லூரியும் 2021இல் வெளிப்படையாக அறிவித்தது. மனம் மிகவும் நொந்துபோகும் நேரத்தில் 1926 என்ற தேசிய உளநல இலக்கத்தை அழைக்கலாம்.

பெயரையும் பாலையும் சட்டப்படி மாற்ற விரும்புபவருக்கு 2016ஆம் ஆண்டின் சுகாதார அமைச்சுச் சுற்றறிக்கை வழிசெய்கிறது. உளமருத்துவர் ஒருவரின் மதிப்பீட்டில் தொடங்கி, பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெற்று, அதைக்கொண்டு பிறப்புச் சான்றிதழைத் திருத்தி, பின்னர் தேசிய அடையாள அட்டையை மாற்றுவது அதன் ஒழுங்கு. அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் முதல் அடியை வைக்கலாம். காலமெடுக்கும் வேலை இது. இயலுமானால் பல்கலைக்கழகப் பதிவுக்கு முன்பே தொடங்குங்கள். முதல் நாள் பதிவேட்டில் ஏறும் பெயரே வரவுப் பட்டியலிலும், பரீட்சை அனுமதி அட்டையிலும், பட்டச் சான்றிதழிலும் தொடர்ந்து வரும். பதிவுக்குப் பின்தான் முடிகிறது என்றால், திருத்திய சான்றிதழ்களின் உறுதிப்படுத்திய பிரதிகளோடு எழுத்தில் கோரிக்கை கொடுத்து, கொடுத்ததற்குத் திகதியிட்ட பற்றுச்சீட்டு வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னது எதுவும் சொன்னதாகக் கணக்கில்லை.

நிர்வாகமே தவறும்போது

சக மாணவர் செய்த தீங்குக்கு மேற்சொன்ன பகிடிவதைச் சட்டம் போதும். ஆனால் விடுதி மறுக்கப்பட்டாலோ, விரிவுரையாளர் வகுப்பில் இழிவுபடுத்தினாலோ, கொடுத்த முறைப்பாட்டை அலுவலகம் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாலோ, அது அரச நிறுவனம் ஒன்றின் நிர்வாகச் செயல். அங்கே அடிப்படை உரிமை எழுகிறது. இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. தமிழில் முறையிடலாம், கட்டணம் இல்லை, 1996 என்ற இலக்கத்திலும் அழைக்கலாம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்வதாயின், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி உரிமை மீறப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டுவிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேர்க்கப்படாது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. வளாகத்தின் உள்விசாரணை முடியட்டும் என்று காத்திருந்து இந்த மாதத்தைத் தொலைத்தவர்கள் பலர். "குழு அடுத்த மாதம் கூடும்" என்று அலுவலகம் சொல்லும்போது, அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, மறுநாள் காலையில் ஆணைக்குழுவின் படியேறிவிடுங்கள்.